புற்றுக்கலம் நம்முடைய சொந்தக் கலம்தானே, அப்படியென்றால் நிர்ப்பீடனத் தொகுதி அதை எப்படி இனங்காண்கிறது?

கொட்டகலை டீச்சர் கேட்டது:

வணக்கம். உயர்தர உயிரியலில் நிர்ப்பீடனம் படிப்பிக்கும்போது வகுப்பு எப்போதும் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. "தன்னுடையது எது, அந்நியமானது எது என்று பிரித்தறிவதே நிர்ப்பீடனம்" என்று தொடங்குகிறோம். பிறபொருளெதிரி, பிறபொருளெதிரியாக்கி என்ற சொற்களுக்குள்ளேயே 'பிறபொருள்' குந்திக்கொண்டிருக்கிறது. புற்றுக்கலம் பிறபொருள் இல்லையே!

தேயிலையை வைத்துச் சொல்லலாம் என்று பார்க்கிறேன். கொழுந்தில் கொப்புள நோய் வந்தால் அது பங்கசு, காற்றோடு வந்த வேற்றுயிர். கவ்வாத்து வெட்டாமல் விட்ட செடி ஓங்கி மரமானால் அது வேற்றுயிரா? அதே தேயிலைதான், கட்டுப்பாடில்லாமல் வளர்ந்துவிட்டது, அவ்வளவுதான். புற்று இந்த இரண்டாவது வகை. அப்படியென்றால் டி கலம் (நோயுற்ற கலங்களைத் தேடிக் கொல்லும் வெண்குருதிக்கலம்) எதைப் பார்த்து "இது ஆகாது" என்று முடிவெடுக்கிறது? முடிவெடுக்கத் தெரியும் என்றால் கட்டி ஏன் வளர்கிறது?

இன்னொன்று. வெற்றிலை போடுகிற பெரியவர்கள் உள்ள வீட்டுப் பிள்ளைகள், "எதிர்ப்பு சக்தி கூட்டுற தூள் குடிச்சா வாய்ப்புற்று வராதுதானே டீச்சர்?" என்று கேட்கிறார்கள். லேசான தமிழில், ஆனால் பிழையில்லாமல் சொல்லக்கூடிய பதில் வேண்டும்.

---

கன்னொறுவை எழுதியது:

டீச்சர், உங்கள் கவ்வாத்து உவமை முக்கால்வாசி சரி. மீதிக் கால்வாசியில்தான் விடை இருக்கிறது. புற்றுக்கலம் 'அதே தேயிலை' இல்லை. பரம்பரையலகுகளில் எழுத்துப் பிழைகள் சேர்ந்துபோன தேயிலை. பிழையான பரம்பரையலகிலிருந்து பிழையான புரதம் வரும். அந்தப் புரதமோ பெரும்பாலும் கலத்துக்குள்ளே இருக்கிறது. டி கலம் வெளியே நிற்கிறது. உள்ளே நடப்பது வெளியே நிற்பவருக்கு எப்படித் தெரியும்?

தேயிலைத் தொழிற்சாலையில் மூட்டை மூட்டையாகப் பிரித்துக் கொட்டியா தரம் பார்க்கிறார்கள்? ஒவ்வொரு தொகுதியிலும் ஒரு பிடி சாம்பிள் எடுத்து, அதைச் சுவைத்துத் தரம் சொல்கிறார்கள். நம்முடைய கலமும் இதையேதான் செய்கிறது. தான் செய்யும் புரதங்களில் ஒரு பகுதியைப் புரோட்டியசோம் என்ற நொதியத் தொகுதியில் போட்டுத் துண்டாக்கும். துண்டுகள் அகமுதலுருச் சிறுவலை என்ற கலத்தின் உள்மென்சவ்வு வலைக்குள் ஏற்றப்படும். அங்கே எச்.எல்.ஏ முதலாம் வகுப்பு மூலக்கூறு (துண்டைத் தாங்கிக் காட்டும் புரதம்; ஆளுக்கு ஆள் வகை மாறும்) ஒன்று நடுவில் பள்ளத்தோடு காத்திருக்கும். 8 முதல் 10 அமினோ அமிலம் நீளமுள்ள துண்டு அந்தப் பள்ளத்தில் பொருந்தினால், இரண்டும் சேர்ந்து கலமென்சவ்வுக்குப் போய் வெளியே பார்த்தபடி நிற்கும். கருவுள்ள கலங்கள் ஏறத்தாழ எல்லாமே ஓயாமல் இப்படிச் சாம்பிள் வைக்கின்றன. செங்குருதிக்கலத்தில் கரு இல்லை, இந்த ஏற்பாடும் இல்லை.

டி கலம் தன் மேற்பரப்பிலுள்ள வாங்கி என்ற உணர்புரதத்தால் தடவிப் பார்ப்பது இந்தத் துண்டையும் அதைத் தாங்கும் எச்.எல்.ஏயையும் சேர்த்துத்தான். 'இது யாருடைய கலம்' என்று அது பார்ப்பதே இல்லை. உடலின் வழமையான சாம்பிள்களோடு கடுமையாக ஒட்டுகிற டி கலங்கள், அவை முதிரும் நெஞ்சுச் சுரப்பியான தைமசிலேயே பெரும்பாலும் அழிக்கப்பட்டுவிடும். ஆகவே வெளியே சுற்றுகிறவை, தைமசில் அறிமுகமாகாத சாம்பிளைக் கண்டால் பிடிக்கக்கூடியவை. வகுப்பில் 'பிறபொருள்' என்ற சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பொருளை மட்டும் 'வெளியிலிருந்து வந்தது' என்பதிலிருந்து 'தைமசில் பழகாதது' என்று மாற்றிச் சொல்லுங்கள். குழப்பத்தில் பாதி அங்கேயே தீரும்.

கரும்பலகையில் எழுதிக் காட்ட ஒரு நிஜமான துண்டு தருகிறேன். கே-ராஸ் என்ற புரதத்தின் 10ஆவது இடத்திலிருந்து 18ஆவது இடம் வரை, வழமையான கலத்தில்:

கிளைசீன் – அலனீன் – கிளைசீன் – கிளைசீன் – வாலீன் – கிளைசீன் – லைசீன் – செரீன் – அலனீன்

பெருங்குடல், சதையி போன்ற இடங்களின் புற்றுகளில் அடிக்கடி காணும் ஒரு விகாரத்தில் (பரம்பரையலகு எழுத்துப் பிழையில்), 12ஆவது இடம் மட்டும் மாறும்:

கிளைசீன் – அலனீன் – அஸ்பார்ட்டிக் அமிலம் – கிளைசீன் – வாலீன் – கிளைசீன் – லைசீன் – செரீன் – அலனீன்

ஒன்பதில் ஒன்றுதான் வித்தியாசம். எச்.எல்.ஏ-சி 08:02 என்ற வகை உள்ளவர்களில், அந்த அஸ்பார்ட்டிக் அமிலத்தின் எதிரேற்றம் பள்ளத்திலுள்ள ஆர்ஜினீனின் நேரேற்றத்தோடு பூட்டிக்கொள்ளும். கிளைசீனுக்கு ஏற்றம் இல்லை, அதனால் வழமையான துண்டு அங்கே சரியாக உட்காராது. பிழையான துண்டு மட்டும்தான் காட்சிக்கு வரும். டி கலத்துக்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டுமா? ஆனால் அந்த எச்.எல்.ஏ வகை இல்லாதவரில் அதே துண்டுக்கு இந்த ஆசனம் இல்லை. ஒரே விகாரம் ஒருவரில் கண்ணுக்குத் தெரிவதும் இன்னொருவரில் தெரியாமல் போவதும் இதனால்தான்.

விகாரம்தான் ஒரே அடையாளம் என்று நினைக்க வேண்டாம். கருப்பைக் கழுத்துப் புற்றில் எச்.பி.வி வைரசின் ஈ6, ஈ7 புரதங்கள் இருக்கும். அவை உண்மையான பிறபொருட்களே. விதையத்தில் மட்டும் வேலை செய்ய வேண்டிய மேஜ் வகைப் பரம்பரையலகுகள் சில கட்டிகளில் விழித்துக்கொள்ளும். முதலாவது மேஜ் 1991இல் பிரசெல்சில் கண்டுபிடிக்கப்பட்டது. வெயிலால் வரும் மெலனோமா என்ற தோல் புற்றிலும் புகையால் வரும் நுரையீரல் புற்றிலும் விகாரங்கள் மிக அதிகம், சிறுவர் புற்றுகளில் பொதுவாகக் குறைவு. அவற்றிலும் டி கலத்தின் கண்ணில் உண்மையாகப் படுபவை சொற்பம்.

இனிப் பிள்ளைகள் வழக்கமாகத் தவறவிடும் பகுதி. காண்பது மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும். இதுவரை எதையும் சந்திக்காத டி கலம் நேரே கட்டிக்குப் போய்ச் சண்டை பிடிக்காது. கட்டியில் செத்துச் சிதறும் கலங்களின் மிச்சத்தை டென்ட்ரிட்டிக் கலம் பொறுக்கிக்கொண்டு, அருகிலுள்ள நிணநீர்க் கணுவுக்குப் போகும். அங்கே அது துண்டைக் காட்டும்போது, கூடவே சி.டி 80, சி.டி 86 என்ற இரண்டாவது சமிக்ஞையையும் காட்ட வேண்டும். சிதைவின் அறிகுறி கிடைத்தால்தான் அது அந்தச் சமிக்ஞையை உயர்த்தும்: வெளியே கசிந்த ஏ.டி.பி (கலத்தின் சக்தி மூலக்கூறு), இடம்மாறிக் குழியவுருவுக்குள் வந்த டி.என்.ஏ, இன்டர்பெரோன் என்ற எச்சரிக்கைப் புரதம். துண்டு மட்டும் காட்டி இரண்டாவது சமிக்ஞை இல்லாவிட்டால் டி கலம் செயலிழந்துபோகும். அதாவது, 'இதைப் பொறுத்துக்கொள்' என்று கற்றுக்கொள்ளும். மெதுவாக, ஓசைப்படாமல் வளரும் கட்டி தப்புவது பல வேளை இந்த இடத்தில்தான். டென்ட்ரிட்டிக் கலத்தை 1973இல் விவரித்த ரல்ப் ஸ்டைன்மனுக்கு 2011 நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அதற்கு மூன்று நாள் முன்புதான் அவர் சதையிப் புற்றால் காலமாகியிருந்தார்.

அனுமதி கிடைத்த டி கலம் கணுவில் பல மடங்காகப் பெருகி, குருதி வழியே கட்டிக்கு வரும். அப்போது ஒரு கலத்தின் மேலே சரியான சாம்பிள் பத்துக்குள் இருந்தாலும் போதும். டி கலம் விடும் பேர்போரின் என்ற புரதம் துளையிடும், கிரான்சைம் என்ற நொதியம் உள்ளே போகும், புற்றுக்கலம் தன்னைத்தானே கலைத்துக்கொள்ளும். டி கலம் கழன்று அடுத்ததைத் தேடும்.

---

கொட்டகலை டீச்சர் எழுதியது:

கே-ராஸ் வரிசை அப்படியே கரும்பலகைக்குப் போகிறது, மிக்க நன்றி. ஆனால் ஒரு மாணவி கட்டாயம் கேட்பாள்: "புற்றுக்கலம் எச்.எல்.ஏயை மறைத்தால் டி கலத்துக்குத் தெரியாது, சரி. ஆனால் எச்.எல்.ஏ இல்லாத கலத்தை இயற்கைக் கொல்கலம் கொல்லுமே? அப்போ தப்பவே முடியாதுதானே?"

---

கன்னொறுவை எழுதியது:

நல்ல கேள்வி. இயற்கைக் கொல்கலம் டி கலத்துக்கு நேரெதிர்: எச்.எல்.ஏ இருந்தால் அடங்கும், காணாமல் போனால் தாக்கும். 1980களில் சுவீடனில் கிளாஸ் கேரே முன்வைத்த கருத்து இது. தாளில் பார்த்தால் தப்ப வழியில்லை. நிஜத்தில் புற்று எல்லா எச்.எல்.ஏயையும் எறிய வேண்டியதே இல்லை.

மேலே எழுதிய அதே துண்டை வைத்தே சொல்கிறேன். 2016இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் வெளியிட்ட ஒரு நோயாளியின் விவரம்: பெருங்குடல் புற்று நுரையீரலுக்குப் பரவி ஏழு கட்டிகள். அந்த கே-ராஸ் துண்டை எச்.எல்.ஏ-சி 08:02இல் இனங்காணும் டி கலங்களை அவருடைய கட்டியிலிருந்தே எடுத்து, ஆய்வுகூடத்தில் பெருக்கி, பத்தாயிரம் கோடிக்கும் மேல் திருப்பி ஏற்றினார்கள். ஏழும் சுருங்கின. ஒன்பது மாதத்தில் ஒன்று மறுபடி வளர்ந்தது. வெட்டி எடுத்துப் பார்த்தால், அதில் விகாரம் அப்படியே இருந்தது. 6ஆம் நிறமூர்த்தத்தில் எச்.எல்.ஏ-சி 08:02 உள்ள பிரதியைத்தான் காணவில்லை. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று நமக்கு இரண்டு தொகுதி எச்.எல்.ஏ. அதில் ஒன்றை மட்டும் எறிந்தால் டி கலத்துக்குக் காட்சி போய்விடும். மற்றது மேற்பரப்பில் நிற்பதால் இயற்கைக் கொல்கலமும் பெரும்பாலும் சும்மா இருக்கும். ஆரம்ப நிலை நுரையீரல் புற்றுகளில் ஏறத்தாழ 40 வீதத்தில் இந்த வகை இழப்பு காணப்பட்டிருக்கிறது.

புற்றுக்கலம் யோசித்துச் செய்யும் தந்திரம் இல்லை இது. கோடிக்கணக்கான கலங்களில் தற்செயலாக ஒன்று அப்படி ஆகியிருக்கும். மற்றவை கொல்லப்பட, அது மட்டும் மிஞ்சிப் பெருகும். கூர்ப்புப் பாடத்தில் படிப்பிக்கிற அதே இயற்கைத் தேர்வுதான். நிர்ப்பீடனம் கட்டியை அழிக்கிறது, அழிக்க முடியாததைத் தேர்ந்தும் விடுகிறது. இரண்டுக்கும் நடுவில் நெடுங்காலச் சமநிலை ஒன்றும் உண்டு. 2003இல் ஸ்கொட்லாந்திலிருந்து வந்த அறிக்கையில், மெலனோமா வெட்டி 16 வருடம் சுகமாக இருந்த ஒருவரின் சிறுநீரகங்களைப் பெற்ற இருவருக்கும் மெலனோமா வந்தது. கொடையாளியின் உடலில் அடக்கி வைக்கப்பட்டிருந்த கலங்கள், நிர்ப்பீடன ஒடுக்கி மருந்து எடுக்கும் உடலுக்குப் போனதும் எழும்பிவிட்டன.

---

ஊவா காற்று எழுதியது:

கன்னொறுவை 'காட்சி' போவதைச் சொன்னார். நான் 'பிரேக்' பற்றியும், நம்ம பக்கத்து வாய்ப்புற்றைப் பற்றியும் சொல்றேன். இது வகுப்பறையோட நிக்கக் கூடாத விசயம்.

முதல்ல பாக்கு. புகையிலை சேர்க்காத வெற்றிலையும், ஏன் தனிப் பாக்கும் கூட மனிதருக்குப் புற்று உண்டாக்கும்னு சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல முதலாம் பிரிவில வகைப்படுத்தியாச்சு. "நான் பொயில போடுறதில்ல, வெறும் பாக்குதான்"னு சொல்றவங்க இதைக் கேட்கணும். பாக்கு போடுறவங்க சிலருக்குக் கன்னத்து உள்பக்கம் நார் நாராக இறுகி, வாய் திறக்குற அளவு குறைஞ்சுகிட்டே வரும். வெள்ளைப் படலம், சிவப்புப் படலம், 3 கிழமைக்கு மேல ஆறாத புண், கழுத்தில கெட்டியான கட்டி, இதில எது இருந்தாலும் பல் வைத்தியரிடம் போகணும். ஆரம்பத்தில வலி இருக்காது. வலி இல்லாததால நல்லதுன்னு விட்டுடுறாங்க. சீழ் பிடிச்ச பல் வலிக்குது, சிவக்குது, ஏன்னா அங்க பக்டீரியா இருக்கு, நிர்ப்பீடனம் உடனே கூச்சல் போடுது. புற்றுக்கு அந்தக் கூச்சல் கிடைக்கிறதில்ல. மேலே சொன்ன 'இரண்டாவது சமிக்ஞை' விசயத்தைப் பிள்ளைகளுக்கு இதோட சேர்த்துச் சொல்லிடுங்க.

இப்ப பிரேக். டி கலம் வேலை செய்யும்போது இன்டர்பெரோன் காமா விடும். அது பட்ட புற்றுக்கலம் தன் மேற்பரப்பில பி.டி-எல்1 என்ற புரதத்தை உயர்த்தும். டி கலத்தில பி.டி-1 என்ற வாங்கி இருக்கு. இரண்டும் பூட்டிக்கிட்டா டி கலம் சோர்ந்து நிற்கும். இது புற்றுக்காக உண்டான ஏற்பாடு இல்ல. சண்டை எல்லை மீறிச் சொந்த இழையத்தைத் தின்னாம இருக்க உடம்பே வச்சிருக்கிற பிரேக். பி.டி-1ஐ 1992இல கியோத்தோவில தசுக்கு ஹொஞ்சோ குழு கண்டுபிடிச்சது. இன்னொரு பிரேக்கான சி.டி.எல்.ஏ-4ஐத் தடுத்துக் காட்டினவர் ஜேம்ஸ் அலிசன். 2018 நோபல் இருவருக்கும். சண்டையை அடக்குற ஒழுங்குபடுத்தும் டி கலங்களுக்கான நோபல் 2025இல வந்தது.

பிரேக்கைத் தூக்குற மருந்தில ஒன்று பெம்புரொலிசுமாப். மூணு கிழமைக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம், இல்லாட்டி ஆறு கிழமைக்கு ஒரு தடவை 400. திரும்பி வந்த அல்லது பரவின தலை, கழுத்துப் புற்றில தனியாகக் கொடுக்கிறதுன்னா, முதல்ல கட்டியில பி.டி-எல்1 எவ்வளவுன்னு பார்ப்பாங்க. பி.டி-எல்1ஐக் காட்டுற சாயம் ஏறின புற்றுக்கலம், நிணநீர்க்குழியம், பெருந்தின்குழியம் எல்லாத்தையும் எண்ணி, உயிருள்ள மொத்தப் புற்றுக்கலத்தால வகுத்து, 100ஆல பெருக்கணும். 1 அல்லது மேல வந்தா மருந்து பொருந்தும். அப்படித் தேர்ந்தவங்களிலயும் கட்டி நல்லாச் சுருங்கினது ஏறத்தாழ ஐந்தில ஒருவருக்குத்தான். கட்டிக்குள்ள டி கலமே இல்லாட்டி, அல்லது கொலாஜன் வேலிக்கு வெளியிலேயே நின்றுட்டா, பிரேக்கைத் தூக்கி என்ன செய்ய? ஓடுறதுக்கு வண்டி இல்ல.

அந்த எண்ணிக்கைக்குக் குறைந்தது 100 உயிருள்ள புற்றுக்கலம், கட்டியிலயிருந்து வெட்டி எடுத்த இழையத் துண்டில இருக்கணும். மலையிலயிருந்து கீழே அனுப்புற பயொப்ஸி (அந்த இழையத் துண்டு) பல வேளை இந்த இடத்திலதான் கெட்டுப்போகுது. தாதிமாரும் தோட்ட மருத்துவ உதவியாளர்களும் கவனிக்க வேண்டியது: துண்டு எடுத்த உடனே 10 வீத நடுநிலைப் போமலின் என்ற பதப்படுத்துற திரவத்தில போடணும். ஈரத் துணியில சுத்தி வச்சா ஓரம் காய்ந்து, கலம் தானே சிதையும். சேலைனில போட்டா பதப்படாது. போமலின் துண்டோட கனவளவைப் போலப் பத்து மடங்காவது இருக்கணும். அது ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீற்றர்தான் உள்ளே போகும். 6 மணித்தியாலத்துக்குக் குறைஞ்சா நடு பச்சையா இருக்கும், 72க்கு மேல போனா புரதம் கடுமையாப் பிணைஞ்சு சாயம் பிடிக்காது. வெள்ளிக்கிழமை பின்னேரம் எடுத்து செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தா 72 தாண்டிரும். போத்தல் மேல எடுத்த நேரத்தை எழுதுங்க. வாய் ஒடுங்கின போத்தல் வேண்டாம். போகும்போது மென்மையா இருந்த துண்டு இறுகினதும் வெளியே வராது, கிடுக்கியால நசுக்கித்தான் எடுப்பாங்க. புண்ணோட நடுவில எடுத்தா செத்த இழையம்தான் வரும், ஓரத்தோட சேர்த்து எடுக்கணும்.

பிரேக்கைத் தூக்கினா அது எல்லா இடத்திலயும் தூக்கிடும். குடல், தோல், ஈரல், நுரையீரல், தைரொயிட், சில வேளை இதயத் தசை. இந்த மருந்து எடுக்கிறவர் வழமையை விட நாளைக்கு நாலு தடவை கூடுதலா வயிற்றால போனா, அது "சாப்பாடு ஒத்துக்கல" இல்ல. மருந்துக் கடையில வயிற்றோட்டக் குளிசை வாங்கிப் போட்டு மூடக் கூடாது. குடல் அழற்சிக்கு பிரெட்னிசொலோன் என்ற ஸ்டெரொயிட் மருந்தை நாளைக்கு நிறை கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை கொடுத்து, 4 முதல் 6 கிழமையில மெல்லக் குறைப்பாங்க; சடாருன்னு நிறுத்தினா திரும்ப வரும். கடைசி ஊசிக்குப் பல மாதம் கழிச்சும் இது வரலாம். தோட்ட டிஸ்பென்சரிக்குப் போனாலும் புற்றுநோய் கிளினிக் கார்டைக் காட்டச் சொல்லுங்க.

தூள் கேள்விக்குப் பதில் இதிலேயே இருக்கு டீச்சர். 'எதிர்ப்பு சக்தி'ன்னு கூட்டிக் குறைக்கிற ஒரு திருகு இல்ல. காட்சி போயிருக்கா, அனுமதி கிடைக்கலியா, பிரேக் பிடிச்சிருக்கா, வேலிக்கு வெளியே நிற்குதா, எதுன்னு தெரியாம எதைக் கூட்டுறது? அன்னமுன்னா இலைக் கசாயம் குடிக்கச் சொல்றவங்களும் இருக்காங்க. அதில உள்ள அனோனசின் நரம்புக்கலத்துக்கு நஞ்சு. வாய்ப்புற்றுக்குப் பிள்ளைகள் வீட்டில சொல்லக்கூடியது ஒன்றே ஒன்று: பாக்கை நிறுத்தச் சொல்லுங்க. நிறுத்தினவங்க வாயையும் வெளிச்சத்தில காட்டிப் பார்க்கச் சொல்லுங்க.

---

சிவனொளி எழுதியது:

மேலே உள்ளவற்றோடு வகுப்புக்கு உதவக்கூடிய இரண்டு விசயம், இரண்டுமே பிள்ளைகள் தங்கள் கையிலேயே சுமப்பவை.

ஒன்று, மேற்கையில் உள்ள பி.சி.ஜி தழும்பு. பிறந்தவுடன் காசநோய்க்காகப் போட்ட அதே உயிருள்ள பக்டீரியாவைத்தான், சிறுநீர்ப்பையின் மேற்படையோடு நிற்கும் புற்றுக்குச் சிறுநீர்ப்பைக்குள்ளேயே விடுகிறார்கள். 1976இல் கனடாவில் மொராலெஸ் காட்டிய முறை. கட்டியைச் சுரண்டி எடுத்துக் குறைந்தது 2 கிழமை கழித்து, கிழமைக்கு ஒன்றாக 6 தடவை, ஒவ்வொரு தடவையும் 2 மணித்தியாலம் வரை உள்ளே வைத்திருக்க வேண்டும். ஊவா காற்று சொன்ன 'கூச்சல்' இல்லாத இடத்தில் பக்டீரியாவைக் கொண்டு கூச்சலை உண்டாக்குவதுதான் இது. சிறுநீரில் குருதி தெரிந்தாலோ, குழாய் போடும்போது காயம் பட்டாலோ அன்று விடக் கூடாது. உயிருள்ள பக்டீரியா குருதிக்குள் போய்விடும். பிறகு 6 மணித்தியாலத்துக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழித்து, ஒவ்வொரு தடவையும் மலசலகூடத்தில் பிளீச் ஊற்றி 15 நிமிடம் விட வேண்டும்.

மற்றது, தரம் 6 மாணவிகளுக்கு 2017இலிருந்து போடும் எச்.பி.வி தடுப்பூசி. இதில் உண்டாவது வைரசின் ஓட்டுப் புரதத்துக்கு எதிரான பிறபொருளெதிரி. அது வைரசைக் கலத்துக்குள் நுழையும் முன்னே பிடிக்கும். ஏற்கெனவே புகுந்துவிட்ட கலத்தில் ஓட்டுப் புரதம் காட்சியில் இருக்காது, ஈ6, ஈ7தான் இருக்கும். அதனால் இந்த ஊசி வந்த புற்றைக் குணமாக்காது. வயது வந்த பிறகு கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்கும் போகத்தான் வேண்டும். "ஊசி போட்டாச்சு, இனி கிளினிக் தேவையில்லை" என்று வீடுகளில் சொல்லப்படும்போது பிள்ளைகள் திருத்திச் சொல்லட்டும்.

---

கொட்டகலை டீச்சர் எழுதியது:

மூவருக்கும் நன்றி. பாடக் குறிப்பின் முதல் வரியை இப்படி மாற்றுகிறேன்: "டி கலம் அறிவது கலத்தை அல்ல, அக்கலம் எச்.எல்.ஏயில் வைத்துக் காட்டும் பெப்தைட்டுத் துண்டை." பிழை இருந்தால் சொல்லுங்கள், நாளை பிரதி எடுக்கக் கொடுக்க வேண்டும்.

---

கன்னொறுவை எழுதியது:

சரி. 'பெப்தைட்டுத் துண்டையும் எச்.எல்.ஏயையும் சேர்த்து' என்று மட்டும் திருத்துங்கள். ஒன்றை விட்டு மற்றதை டி கலத்தால் வாசிக்க முடியாது.